உப்பை விட்டவள்

“கழுத்தக் கொஞ்சம் நிமித்திப் புடிங்க. சாயுது பாருங்க” என்று பொன்னம்மா அதட்டிக்கொண்டிருந்தபோது ஜினராஜ் வாசற்படி ஏறினான்.

போளூரிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவன் மனத்தில் ஒரே நினைப்புதான் ஓடியது. அக்கா பாயில் நீட்டிப் படுத்திருப்பாள், தலைமாட்டில் விளக்கு எரியும், போய்க் கால்மாட்டில் விழுந்து வாய்விட்டு அழுதுவிடலாம். சாவு வீட்டுக்குப் போகிற எவனும் நினைப்பதுதானே. உள்ளே வந்து பார்த்தால் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தின் வடக்கு ஜன்னலைப் பார்த்தபடி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் சுனந்தா. முதுகுக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி, அதற்கு முன்னால் சுருட்டிய மெத்தை. மூன்று மாதமாக அவள் சாய்ந்து சாய்ந்து அந்த மெத்தையில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. இப்போது அவள் கணவன் மல்லிநாதன் ஒரு வெள்ளை வேட்டியை மடித்து அவள் மார்புக்குக் குறுக்கே கொடுத்துப் பெட்டியின் பிடிகளில் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கண்கள் பாதி திறந்திருந்தன.

“வா தம்பி” என்றாள் அக்காவின் மாமியார் பொன்னம்மா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் குரலில் ஒரு நிமிர்வும் இருந்தது. “உங்க அக்காவ வந்து பாரு. உக்காந்தபடியே போயிட்டா. வடக்கப் பாத்தபடி. யாருக்குக் கெடைக்கும் இந்தச் சாவு?”

ஜினராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

செங்கம் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துக்குச் சேதி அதற்குள் பரவிவிட்டது. ஐப்பசித் தூறலில் முக்காடு போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். வந்தவர்கள் அழவில்லை, விழுந்து கும்பிட்டார்கள். எதிர்வீட்டு மணியம்மாள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த, ஊரே சிவனாகக் கும்பிடும் மலையைக் காட்டி, “மலையப் பாத்துக்கினே உசுர விட்டிருக்காங்க. எங்காளுங்களே இப்டிப் போனதில்லம்மா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிராமத்திலிருந்து வந்திருந்த சமணச் சொந்தங்களுக்கு மலை பெரிதில்லை, திசைதான் பெரிது. உண்ணாமல் வடக்கே பார்த்து உயிர் விடுவது என்றால் அவர்களுக்குப் புல்லரித்துப்போகும். அவரவர்க்கு அவரவர் கணக்கு. அந்த வீட்டில் காற்று வருவது அந்த ஒரு ஜன்னலில்தான் என்பது ஜினராஜ் ஒருவனுக்குத்தான் நினைவு வந்தது.

அவன் அக்காவின் பக்கம் திரும்பவே பயந்தான். படுத்திருந்தால் பிணம். உட்கார்ந்திருக்கிறவளை என்னவென்று நினைப்பது? ஓரக்கண்ணால் பார்க்கும்போதெல்லாம் அவள் மார்பு ஏறி இறங்குவதுபோலவே இருந்தது. நேராகப் பார்த்தால் இல்லை. பார்வையை எடுத்தால் மறுபடியும் அந்த மூச்சு கேட்டது. இழுத்து, நடுவில் நின்று, கரகரவென்று வெளியே வருகிற அவளுடைய மூச்சு. யாரோ அவள் முன்னால் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இப்போது கையை நீட்டி எடுத்துவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. வாசல் பக்கம் நகர்ந்தான்.

பத்து மணி வாக்கில் அப்பாசாமி நயினார் வந்து சேர்ந்தார். எழுபது வயது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் சமணக் குடும்பங்களின் நல்லது கெட்டதுக்கு அவர் வார்த்தைதான் வார்த்தை. வந்தவர் அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். நெடுநேரம் நின்றார். பிறகு துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்.

“பல்லக்கு கட்டணுங்க பெரியவரே” என்றாள் பொன்னம்மா. “படுக்க வெச்சுத் தூக்க எனக்கு மனசு வரல.”

நோன்பிருந்து உயிர் விட்ட துறவிகளைத்தான் உட்கார வைத்தபடியே எடுத்துப்போவார்கள். பிள்ளை பெற்று, சோறாக்கி, தண்ணீர் இறைத்த ஒருத்திக்கு அந்த மரியாதை நடந்ததாக அங்கிருந்த யாருக்கும் நினைவில்லை. அதனால்தான் இத்தனை கூட்டம்.

அப்பாசாமி நிதானமான ஆள். சட்டென்று தலையாட்டிவிடவில்லை.

“நோன்புன்னா அதுக்கு ஒரு முறை இருக்குதும்மா. நாலு பேரு முன்னாடி ஏத்துக்கணும். இன்ன நாள்ல இருந்து இன்னது விடறேன்னு சொல்லணும். இவ யார்கிட்ட சொன்னா?”

பொன்னம்மா விரல் விட்டு எண்ணினாள். “ஆடி மாசம் உப்ப விட்டா. நான் விரதம்னு ஆரம்பிச்சா. அப்புறம் சோத்தக் கம்மி பண்ணா. அப்புறம் மோரு. கடைசியில வெறும் சுடுதண்ணி. ராத்திரி படுக்கறதையும் விட்டுட்டா. நாங்க எடுத்துக் குடுத்தாக்கூட வாணாம் அத்தைன்னுடுவா. யார்கிட்ட சொன்னான்னு எனக்கு எப்டித் தெரியும்? மாமியார்கிட்ட சொல்லிட்டா செய்வாங்க?”

“மல்லிநாதா, உன்கிட்ட?”

மல்லிநாதன் இல்லை என்று தலையாட்டினான். பொன்னம்மா சட்டென்று திரும்பினாள். “இதோ தம்பி இருக்கான். வாத்தியார் வேலையில இருக்கறவன். மாசத்துல ஒரு தடவ வந்து அக்காகிட்டயே உக்காந்திருப்பான். அவனக் கேளுங்க.”

எல்லார் முகமும் ஜினராஜ் பக்கம் திரும்பியது. அப்பாசாமி மெதுவாகக் கேட்டார். “சொல்லுப்பா. உன்கிட்ட சொன்னாளா? கூடப் பொறந்தவன் நீ சொன்னா போதும். பல்லக்கு கட்டிடலாம்.”

ஆமாம் என்ற ஒரு சொல். அவ்வளவுதான் கேட்டார்கள்.

“கொஞ்சம் இருங்க” என்றான் ஜினராஜ். கொல்லைப்புறம் போய்க் கிணற்றுக்கட்டையில் உட்கார்ந்தான். சட்டைக்குள் கை விட்டு இடது மார்புக்குக் கீழே முதுகுவரை ஓடுகிற தழும்பைத் தடவினான். பதின்மூன்று வருடத் தழும்பு.

சின்ன வயதில் ஒரே மழைக்காலத்தில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்து முட்டி வீங்கியது. அவனுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினொன்று. அவனை வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்காவுக்கு ஆமணக்கு இலையை வாட்டி வைத்துக் கட்டினார்கள். இரண்டு பேருக்கும் வீக்கம் வடிந்தது. வீக்கம் வடிந்தால் நோய் போய்விட்டது என்றுதானே எவரும் நினைப்பார்கள். அது முட்டியை விட்டு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது பத்து வருடம் கழித்து, அவனுக்குச் சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்து விரித்துவிட வேண்டும் என்றார்கள். எழுபத்தொன்றில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டு ஆட்கள் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றதும் முந்திக்கொண்டு போனவள் சுனந்தா.

போனவள் அரை மணியில் திரும்பி வந்தாள். கையில் பஞ்சு இல்லை, ஒரு சீட்டு இருந்தது.

“எடுக்க மாட்டாங்களாம்டா” என்று கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். “லேடி டாக்டர் ஒருத்தங்க தட்டி மறைப்புக்குள்ள கூட்டிப்போயி நெஞ்சுல வெச்சுக் கேட்டுக்கினே இருந்தாங்க. அப்புறம் இன்னொருத்தரக் கூப்பிட்டாங்க. எனக்கும் உன்னுது மாதிரியே வால்வு சுருங்கி இருக்குதாம். உனக்கு முடிஞ்சதும் நான் வரணுமாம். ஒரே வயித்துல பொறந்தோம்ல!”

அவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மறுநாள் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்ற பயத்தில் கிடந்தவன், ஆனாலும் பெரிய மனுஷன்போல யோசித்துவிட்டான், பாவி.

“மொதல்ல கல்யாணம் ஆகட்டும்க்கா. சீட்ட யாருக்கும் காட்டாத. அப்பாகிட்டகூட சொல்லாத.”

“சரிடா” என்றாள் அக்கா. சீட்டை நாலாக மடித்துக் கிழித்துவிட்டாள்.

அவனுக்கு நெஞ்சைத் திறந்து, விரலை விட்டு வால்வை விரித்துவிட்டார்கள். அவன் படித்தான், வேலைக்குப் போனான், சைக்கிள் மிதித்தான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானான். அவள் கனகலதாவைப் பெற்றாள். பெற்ற பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. பிள்ளை பெத்த ஒடம்பு, அப்டித்தான் இருக்கும் என்றார்கள். எழுபத்தெட்டில் ஒருநாள் ஜினராஜே அவளை டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். பொன்னம்மாவும் கூட வந்தாள். அவனை வேலூருக்கு அனுப்பிய அதே டாக்டர்தான். அன்றைக்கு அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் பத்து நிமிஷம் கேட்டவர், அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றார். வீட்டில் ஏதாவது சண்டையா என்றார். ஸ்டெதஸ்கோப்பைப் புடவைக்கு மேலேயே வைத்து, வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

“ரத்தம் கம்மி. பொம்பளைங்களுக்கு வர்ற பலகீனம்தான். மனச அலட்டிக்காதம்மா” என்று டானிக்கும் தூக்க மாத்திரையும் எழுதினார்.

“சார், எனக்கு இருந்த மாதிரியே மூச்சு வாங்குது சார்” என்றான் ஜினராஜ்.

“உனக்கு வந்தது வேற தம்பி. இவங்களுக்கு நரம்புத் தளர்ச்சி.”

அந்தச் சீட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில் பொன்னம்மா நின்றிருந்தாள். மறைத்துக் கட்டிக்கொடுத்தது வெளியே வந்துவிடும். அவன் வாயை மூடிக்கொண்டான். டானிக் பாட்டிலை வாங்கித் தானே பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு வேலூருக்குப் போகலாம் என்று அவன் கெஞ்சாத நாளில்லை. அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “போனா எல்லாம் தெரிஞ்சிடும்டா. கனகா நாளைக்கே வளந்து நிப்பா. ஆத்தாவுக்கு நெஞ்சு நோவுன்னா அவள எவன் கட்டுவான்?” இந்த ஆடியில் வந்து பார்த்தபோது அவள் கால் இரண்டும் தூண்போல வீங்கியிருந்தன. அவனுக்கு ஆஸ்பத்திரியில் சொன்னது ஞாபகம் வந்தது. “உப்ப விட்டுடுக்கா. உப்பு ஜாஸ்தியானா ஒடம்புல தண்ணி கட்டிக்கும்.”

“உப்பில்லாம தனியா ஆக்கினா ஏன்னு கேப்பாங்களே?”

“விரதம்னு சொல்லு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த மாதம் அவன் போனபோது அவள் கண்ணைச் சிமிட்டிச் சொன்னாள். “மூச்சு வாங்குதுன்னு சொன்னப்போ, போயி தண்ணி எறைச்சிக்கினு வான்னாங்க அத்தை. விரதம்னதும் அவங்களே எறைச்சாந்து வெக்கறாங்கடா! இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா நீ?” பிறகு வயிறு உப்பிச் சோறு இறங்காமல் போனது. படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தே தூங்கினாள். எல்லாமே விரதத்தில் சேர்ந்துகொண்டது. போன முறை அவன் கிளம்பும்போது கையைப் பிடித்து, “எது ஆனாலும் விரதம்னே இருக்கட்டும்டா. சத்தியம் பண்ணு” என்றாள். பண்ணிக்கொடுத்தான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அக்கா கேட்டது நடக்கும். கனகாவுக்கும் நல்லது, நோன்பிருந்து போனவள் பெண் என்றால் தேடிக்கொண்டு வருவார்கள். ஜினராஜ் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆமாம் என்று சொல்லிவிடுவதென்றே எழுந்து கூடத்துக்குப் போனான்.

அப்பாசாமி காத்திருந்தார். பொன்னம்மா பேத்தியை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். “உங்கம்மா கால்ல விழுந்து கும்புடு. ஊரே கும்புடுது, நீ நின்னுக்கினே இருக்கற.”

பதினோரு வயது கனகலதா நிலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பிறகு விந்தி விந்தி இரண்டடி வைத்தாள். மண்டியிடப் பார்த்தாள். முகம் சுண்டிப்போய் மறுபடியும் சுவரைப் பிடித்தாள்.

“ராத்திரியெல்லாம் முழிச்சுக்கினு இருந்தா. அதான் புள்ளைக்கு ஒடம்பு வலி” என்றாள் யாரோ.

ஜினராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “எங்க வலிக்குது?”

“முட்டியில மாமா. முந்தாநேத்து இந்த முட்டி. இப்போ அது சரியாப்போயி இது.”

பாவாடைக்கு மேலேயே முட்டியில் கை வைத்தான். கொதித்தது. உருண்டு வீங்கியிருந்தது.

“தொண்டை வலிச்சுதா?”

“ஆயுத பூஜை லீவுல வலிச்சுது. ஜுரம் வந்துச்சு.”

“அம்மாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ஆமணக்கு எல வெச்சுக் கட்டினாங்க. யாருக்கும் சொல்லாத, பொட்டப் புள்ளைக்கு நோவுன்னு பேரு வரக்கூடாதுன்னாங்க.”

அவன் அக்காவை நேராகப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாக. பாதிக் கண்ணால் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட பைத்தியமே என்று அவனுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. அவளை அல்ல, தன்னை. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் வேறு யார்?

“இன்னாப்பா சொல்ற?” என்றார் அப்பாசாமி.

“நோன்பில்லீங்க பெரியவரே.”

கனகாவின் முட்டியிலிருந்து கையை எடுக்காமலே ஜினராஜ் தொடர்ந்தான்.

“நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சு. எனக்கு வந்த அதே நோவு. சோறு எறங்கல, அதான் சாப்புடல. படுத்தா மூச்சு நின்னுடும், அதான் படுக்கல. காத்துக்காகத்தான் ஜன்னலண்ட உக்காந்தா. வடக்காவது தெற்காவது.” அவன் மல்லிநாதன் பக்கம் திரும்பினான். “கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். வேலூர்ல சொன்னாங்க. நான்தான் மறைக்கச் சொன்னேன்.”

“அப்போ உப்ப விட்டது?”

“விட்டது நெசம்ங்க. நான்தான் விடச் சொன்னேன். விரதம்னு சொல்லச் சொன்னதும் நான்தான்.”

பொன்னம்மா பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். “மறைச்சா கட்டிக் குடுத்தீங்க? அடப்பாவிங்களா! பதிமூணு வருஷம்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவள நான் தண்ணி எறைக்க விட்டிருப்பனாடா? என்னக் கொலகாரியாக்கிட்டீங்களேடா!”

“ஆமா அத்தை” என்றான் அவன். அவள் உலுக்கிய உலுக்கலுக்கெல்லாம் ஆடினான். “நீங்க அடிங்க. ஆனா கனகாவுக்கு இப்ப முட்டி வீங்கியிருக்குது. எங்களுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது. இப்பவே ஊசி போட்டா நெஞ்சுக்குப் போகாது. நாளைக்கு நான் அவள வேலூருக்குக் கூட்டிப்போறேன். தடுக்காதீங்க.”

“நாளைக்கு இன்னா நாளைக்கு” என்றான் மல்லிநாதன். பெரிய தெருப் பக்கம் பம்பு செட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவன், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். “காரியம் முடிஞ்சதும் சாயங்கால பஸ்ஸுலயே போங்க.” கட்டைவிரல் நகத்தின் கிரீஸைச் சுரண்டினான். “ஜில்லா முழுக்க இருந்து எங்கிட்ட வால்வு வருது. சத்தத்த வெச்சே இன்னா கோளாறுன்னு சொல்லிடுவேன். பக்கத்துலயே இவ இழுத்து இழுத்து மூச்சு விடுவா. வால்வு போன மோட்டாரு மாதிரியே இருக்குதேன்னு நெனச்சிருக்கேன் ஜினராஜு. நெஜமாவே நெனச்சிருக்கேன். நெனச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன்.”

அவன் அழவில்லை. ஏற்கெனவே வந்து கும்பிட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு நகர்ந்தார்கள். எதைக் கும்பிட்டோம் என்று அவர்களுக்கே குழப்பமாகிவிட்டது, பாவம். அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சுனந்தாவின் முன்னால் போய் நின்று, முதலில் கைகூப்பிய மாதிரியே மறுபடியும் கைகூப்பினார்.

“அந்தக் கட்ட அவுருங்கப்பா” என்றார். “மூணு மாசமா உக்காந்தே இருந்திருக்கா. படுக்க வையுங்க.”

அது சொன்னதுபோல் எளிதாக இல்லை. உடம்பு விறைத்துவிட்டது. வேட்டியை அவிழ்த்த பிறகும் சுனந்தா அப்படியே உட்கார்ந்திருந்தாள். பொன்னம்மாதான் சமையலறைக்குப் போய் அண்டாவில் வெந்நீர் கொண்டுவந்தாள். யாரையும் தொடவிடாமல், தானே துணியை நனைத்து மருமகளின் இடுப்பிலும் முட்டியிலும் ஒற்றி ஒற்றி நீவிவிட்டாள். நெடுநேரம் நீவினாள். “எறக்கு கால. எறக்கும்மா. உனக்கு ஒரு வேலையும் இல்ல, எறக்கு” என்று வாய் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மல்லிநாதன் தோளைத் தாங்க, ஜினராஜ் காலைப் பிடித்து மெல்ல மெல்ல நீட்டினான். கால் நீண்டது. முதுகு பாயில் பட்டது.

“கைய எடுங்க மாமா” என்றான் ஜினராஜ்.

மல்லிநாதன் அவள் தலைக்கடியிலிருந்து கையை எடுத்தான். தலை இறங்கவில்லை. பாய்க்கும் பின்மண்டைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி விட்டு, எழுந்திருக்கப்போகிறவள்போல அது அப்படியே நின்றது. பொன்னம்மா நெற்றியைப் பிடித்து லேசாக அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. தலையணை எங்கே என்று யாரோ கேட்டார்கள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு தலையணையும் இப்போது இல்லை.

கனகலதா சுவரைப் பிடித்தபடி நகர்ந்து வந்தாள். மடக்க முடியாத காலை நீட்டியபடியே அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அந்த இடைவெளியில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.